பேர் இல்லை, தேதி இல்லை, கம்பெனி இல்லை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆர். அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதினெட்டு வயசு ஆகும்வரை வீட்டில் பீடி சுற்றினேன், அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஸ்டிச்சிங் லைனில் மெஷின் ஓட்டினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் நோட்டீஸ் எழுதக் கூப்பிட்டார்கள். அப்படியே ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு பயம். யாராவது வந்து, "நீ இன்னா படிச்சிருக்க?" என்று கேட்பார்கள், நான் எழுந்து லைனுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காததாலேயே பயம் ஜாஸ்தி.

அடுப்பில் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். கம்பெனி வேன் என்னை விட்டுவிட்டுப் போன நாட்களில் பாதி அதனால்தான்.

எச்.ஆர். ஆபீஸ் எல்லாரும் வந்து சொல்கிற இடம். அங்கே உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் சொல்ல ஆள் கிடையாது. புருஷன் அடித்ததற்கு லீவு கேட்பாள் ஒருத்தி. படிவத்தில் நான் 'காய்ச்சல்' என்று எழுதுவேன். வேலையை விட்டுப் போகிற ஒருவர் எல்லாக் கையெழுத்தும் போட்டுவிட்டு, "அந்த போட்டோவ மட்டும் குடுத்துரும்மா, அதுல எனக்கு முடி இருக்கு" என்றார். பைலிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். பிய்த்த இடத்தில் காய்ந்த பசை ஒரு சதுரமாக நின்றது. அதற்குக் கீழே அவர் பேர். அந்தத் தாளை மூடவே கை வரவில்லை. வீட்டில் சொன்னால் தெருவுக்குப் போகும். அதனால் போனிலேயே ஒரு வலைப்பூ ஆரம்பித்து, பேர் போடாமல் எழுதினேன்.

மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. 'என்கிட்டயும் ஒருத்தர் போட்டோ கேட்டார். ரூல் இல்லன்னு சொல்லிட்டேன். இன்னும் உறுத்துது.'

எழுதியவர் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். ஆபீசர். அவரும் ஒரு மூலையில் பேர் போடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் மூலம் வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரியில் ஒருவர், ஓசூரில் ஒருத்தி, திருப்பூர் மில்லில் ஒருவர். எல்லாருமே எச்.ஆர்., எல்லாருமே ஒளிந்துகொண்டு எழுதுகிறவர்கள். பக்கத்துப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுகிற மாதிரி.

முதலில் ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டேன். அதில் போன் நம்பர் தெரியும் என்பது குரூப் ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. ஓசூர்க்காரி இரண்டு மணி நேரத்தில் வெளியேறினாள். அன்றைக்கே குரூப்பைக் கலைத்துவிட்டேன்.

"நாமளே ஒரு திரட்டி செஞ்சிடலாம்க்கா" என்றார் ராணிப்பேட்டைத் தம்பி. திரட்டி என்றால், எல்லார் வலைப்பூவிலும் வருகிற பதிவுகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டுகிற தளம். கம்ப்யூட்டர் வேலை அவருடையது. ஆள் தேடுவது, பேசிச் சேர்ப்பது, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானம் செய்வது என்னுடையது. "எச்.ஆர்.க்கெல்லாம் எச்.ஆர். நீதான்" என்று கிண்டல் செய்வார்.

தளத்துக்கு மூன்று சட்டம் வைத்தேன். எழுதுகிறவர் பேர் வரக் கூடாது. எழுதிய தேதி வரக் கூடாது. தேதி தெரிந்தால் அன்றைக்கு லீவு கேட்டவள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கம்பெனி எது என்று தெரியக் கூடாது. பேருக்குப் பதிலாக, கம்பெனியில் கொடுப்பதுபோல ஆளுக்கொரு டோக்கன் நம்பர். நான் ஒன்று, தம்பி நான்கு. புதிதாகச் சேர்கிறவர்கள் தங்கள் வலைப்பூ முகவரியைப் படிவத்தில் போட்டால் அது நேராக எந்திரத்துக்குள் போய்விட வேண்டும், என் கண்ணில் படவே கூடாது என்றேன்.

"ஏன்க்கா?"

"போலீஸ் வந்து கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும் இல்ல?"

"போலீஸ் எதுக்கு வருது? நீ போட்டோ பிய்ச்சதுக்கா?"

சிரித்தார். ஆனால் அப்படியே செய்து கொடுத்தார்.

ஆட்கள் சேர்ந்தார்கள், விட்டுப் போன ஓசூர்க்காரியும்கூட. ஒருமுறை திருப்பூர்க்காரர் சேர்ந்தபோது அவருடைய பழைய பதிவுகள் நூற்றுக்கு மேல் மொத்தமாக வந்து விழுந்து முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டன. மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். தம்பிக்குப் போன் செய்து ஏதாவது பண்ணச் சொன்னேன். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஆடிட்டுக்கு பையர் ஆட்கள், எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், கேட்டில் வந்து இறங்கிவிட்டார்கள். "சரி சரி, அப்படியே பண்ணு" என்று வைத்துவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவே இல்லை.

அதற்கு அப்புறம்தான் இருபத்து மூன்றாம் டோக்கன் வந்தது.

முதல் பதிவு ஐந்தாறு வரிதான். 'அலமாரிக் கைப்பிடி உடைந்துவிட்டது. ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பைலுக்கும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். கம்பெனியில் லேஸுக்கு மட்டும் குறைவில்லை.' படித்துச் சிரித்தேன். என் அலமாரியும் லேஸ் போட்டுக் கட்டியதுதான். 'எங்க ஆபீஸ்லயும் இதே கதி' என்று கீழே எழுதினேன். பதில் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டாவது பதிவு. 'ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. இன்சோல் அட்டையை வெட்டிச் செருகியிருக்கிறார்கள். யாரோ அதில் பேனாவால் மீன் வரைந்திருக்கிறார்கள். வால் நீளமான மீன்.'

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால்தான் ஜன்னல். இன்சோல் அட்டை. அதில் மீன். நான்கு வருஷமாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த மீன்.

அன்று முழுக்க முதுகில் யாரோ விரல் வைத்திருக்கிற மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள், ஒரு சக்கரம் இல்லாமல் இடப்பக்கம் சாய்கிற நாற்காலி. நான்காம் நாள், டக் டக் என்று ஒரு சத்தம் போட்டு நின்று மறுபடி சுற்றும் பேன். தினம் பத்து மணிக்கு ஒன்று. நான் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்தப் பேனுக்குக் கீழே உட்கார்ந்து, அதைப் படித்தேன். என் அறை ஆபீஸில் கடைசி. வந்து போகிறவர்கள் கம்மி. எங்கள் எச்.ஆர். மேனேஜர் மேடம் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. எதுவானாலும் இன்டர்காமில் கூப்பிடுவார். அப்படியானால் யார்? எங்கிருந்து?

ஐந்தாவது பதிவுதான் என்னை உலுக்கியது.

'பேஸ்டிங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். சொல்யூஷன் வாடைக்குத் தலை சுற்றுகிறதாம். வேறு செக்‌ஷனுக்கு மாற்றக் கேட்கிறாள். டாக்டர் சீட்டு கொண்டு வா என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நாளைக்கு வா என்றேன்.'

முந்தின நாள் மத்தியானம் என் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பேஸ்டிங் செக்‌ஷன், சோலுக்குப் பசை தடவுகிற இடம். முப்பது வயசு இருக்கும்.

"தலை கிர்ருன்னு சுத்துதுக்கா. நேத்து பிரஸ் மெஷின் மேலயே சாஞ்சிட்டேன். பக்கத்துல இருந்தவ இழுத்துட்டா, இல்லாட்டி கை போயிருக்கும். பேக்கிங்குக்கு மாத்தி வுட்டுருக்கா."

"டாக்டர் சீட்டு வேணும்மா. அது இல்லாம மேடம் கையெழுத்து போட மாட்டாங்க."

"டாக்டருகிட்டல்லாம் போவ முடியாதுக்கா."

"ஏன் முடியாது? இ.எஸ்.ஐ. கார்டு இருக்குது இல்ல?"

அவள் கழுத்துக் கார்டைத் திருப்பிவிட்டுக்கொண்டாள். நாளைக்கு வா என்று அனுப்பினேன். இது நடந்தபோது அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

யாரோ பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், அதை என் தளத்திலேயே போடுகிறார்கள். தளம் என்னுடையது என்று தெரிந்தவர்கள். அடுத்து கம்பெனிக்குச் சொல்வார்கள், மேடம் என்னைக் கூப்பிட்டு என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கன்வேயர் நின்று எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு, ஆள் ஒளிந்திருக்கிறார்களா என்று ஷெட்டைச் சுற்றி வந்தேன். ஷூ ஏற்றுகிற பிளாஸ்டிக் அச்சுகள் ரேக் முழுக்க ஜோடி ஜோடியாகக் காலாக நின்றன. மேலே ஆள் இல்லாத கால்கள். நடுவில் என் செருப்புச் சத்தம் மட்டும். பாதியில் ஓடி வந்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வேலை செய்தேன். அலமாரி லேஸை அவிழ்த்துக் கம்பி போட்டு முறுக்கினேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் அதையும் எழுதுவார்கள் அல்லவா?

மறுநாள் பத்து மணி. 'அவள் இன்றும் வந்தாள். நாற்காலியில் சாய்ந்தபடியே சீட்டு இருக்கா என்றேன். இல்லை என்றாள். லேஸை அவிழ்த்து அவள் பைலை எடுத்தேன், திரும்பவும் வைத்தேன். நாளைக்கு வா என்றேன். ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தில் காக்கை கத்திக்கொண்டே இருக்கிறது.'

நிம்மதி வர வேண்டும். யாரும் பார்க்கவில்லை. ஆனால் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரம் கிடையாது. ஜெனரேட்டர் ஷெட் இருக்கிறது. எழுந்து போய் அட்டையை விலக்கிப் பார்த்தேன். ஷெட் சுவர் ஓரம், சிமென்ட் தரையில் வட்டமாக ஒரு அடிமரம், தரை மட்டத்துக்கு அறுத்தது. அட்டையைத் திரும்பச் செருகும்போது மீனைக் கிட்டத்தில் பார்த்தேன். வால் இல்லை. ஈரம் பட்டு வால் எப்போதோ கரைந்து போயிருந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"இருபத்திமூணு இப்ப எழுதுறதா, பழசா?"

"பழசுதான்க்கா. ஏழெட்டு வருசம் முன்னாடி எழுதுனது. அன்னிக்கே சொன்னேனே, யாரு சேந்தாலும் பழைய பதிவெல்லாம் தினம் ஒண்ணா காலைல பத்து மணிக்கு வுடறேன்னு. சரி சரின்னியே."

"தேதி போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"நல்லா கேக்குற போ. தேதிய எடுக்கச் சொன்னது யாரு? நீதான!"

பயத்தில் நான் போட்ட சட்டம்தான் என்னை இப்படிப் பயமுறுத்தியிருக்கிறது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு இதே அறையில், இதே நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உடைந்தது எதையும் யாரும் சரி செய்யாததால் அவள் அறை அப்படியே என் அறையாக இருக்கிறது. கதவில் நிற்கிறவள்கூட அதே சொல்லைச் சொல்கிறாள். நானும் அதே பதிலை.

"இன்னும் எத்தினி பாக்கி இருக்கு?"

"நாலு. படிக்கிறியா? அனுப்பட்டா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

அனுப்பினார். முதல் இரண்டில் அவள் வந்தாள், நாளைக்கு வா, வந்தாள், நாளைக்கு வா. இடையில் ஒரு வரி: 'ரயில் லேட். காட்பாடியிலேயே முக்கால் மணி நேரம் நின்றேன். வரும்போது அவள் கதவில் காத்திருந்தாள்.' அந்த வரியில் நின்றுவிட்டேன். எங்கள் ஆபீஸில் காட்பாடியில் ரயில் ஏறி வருகிற ஆள் ஒரே ஒருவர். வேலூர் பாகாயத்திலிருந்து வருகிற மேடம். மேனேஜர் ஆகும் முன் இந்த நாற்காலி அவருடையதாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: 'கதவில் யாரும் இல்லை. பத்து நாள் ஆகிவிட்டது. சொல்லாமல் நின்றதற்கு முதல் லெட்டர் அனுப்பினேன். பிறகு இரண்டாவது.'

நான்காவதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

'இன்று லெட்டரோடு ஒரு பெண் வந்தாள். இது என் பேர், என் அப்பா பேர், என் விலாசம், ஆனால் நான் உங்கள் கம்பெனி வாசலையே மிதித்ததில்லை என்றாள். பைலிலிருந்த போட்டோவைக் காட்டினேன். போட்டோ அவளுடையது. வேலை பார்த்தவள் அவள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். தங்கை இரண்டு வருஷத்துக்கு முன்பு அக்காவின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவளாம். எங்கே இருக்கிறாள் என்று இந்த லெட்டர் வந்துதான் தெரிந்ததாம். எங்கே அவள், கூப்பிடுங்கள் என்றாள். என்னிடம் டோக்கன் நம்பர் இருந்தது, கையெழுத்து இருந்தது, எத்தனை நாள் வந்தாள் என்ற கணக்கு இருந்தது. அவள் பேர் இல்லை. கேட்டதே இல்லை.'

அதோடு அந்த வலைப்பூ முடிகிறது.

வெளியாருக்கு இது விளங்காமல் போகலாம். பதினெட்டு ஆகாத பெண்கள் அக்கா சர்டிபிகேட்டில், அக்கா போட்டோவில் வேலைக்குச் சேர்வது எங்கள் பக்கம் ஒரு காலத்தில் சகஜம். அப்புறம் பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாமே அக்கா பேரில் ஏறிவிடும், மாற்ற முடியாது. எங்கள் கேட் எந்திரமும் கைரேகை கேட்காது, கார்டு காட்டினால் போதும். ஆபீஸில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் கேட்க மாட்டோம். எனக்கு அக்கா இருந்திருந்தால் நானும் அப்படித்தான் வந்திருப்பேன்.

டாக்டரிடம் ஏன் போக முடியாது என்று இப்போது புரிந்தது. கார்டில் இருக்கிற முகம் அவள் முகம் இல்லை. டாக்டர் கார்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார்.

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் பேஸ்டிங் ஷெட்டுக்குப் போனேன். அவள் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

"உன் பேரு இன்னாம்மா?"

"கார்டுல இருக்குதேக்கா."

"கார்டுல இருக்கிறது இல்ல. உன் பேரு."

அவள் முகம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன். டிபன் பாக்ஸை மடிக்கு இழுத்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் ஒரு பேரைச் சொன்னாள். பிறகு அவள் பார்வை என் கைக்கு இறங்கியது. என் கையில் ரிஜிஸ்டரும் மூடி கழற்றிய பேனாவும் இருந்தன. வழக்கமாக எங்கே போனாலும் எடுத்துப் போகிறவை. அதைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே வரவில்லை.

மாற்றல் சீட்டை எழுதிக்கொண்டு மேடத்தின் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"டாக்டர் சீட்டு எங்க?" என்றார் மேடம்.

"அவளால வாங்க முடியாது மேடம். கார்டுல இருக்கிற மூஞ்சி வேற."

"அது நமக்குத் தெரியாது. நாம கேக்கறதில்ல."

"நான் இருபத்திமூணு படிச்சிட்டேன் மேடம்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"முழுசாவா?"

"முழுசா. அந்தத் தளம் என்னோடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எழுதற நோட்டீஸத்தான வருஷக் கணக்கா படிக்கிறேன். நீ எழுதற விதம் தெரியாதா எனக்கு?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தச் சேர்ல உக்கார்றவ படிக்கட்டும்னுதான் என் பழைய வலைப்பூவக் குடுத்தேன்" என்றார்.

"அதுக்கப்புறமும் இவளயும் ஏன் சீட்டு கொண்டா சீட்டு கொண்டான்னு திருப்பி அனுப்பச் சொல்றீங்க?"

"ஒருத்திக்குச் சீட்டு இல்லாம மாத்தினா பேஸ்டிங் மொத்தமும் வந்து நிக்கும். அவங்க எல்லாருக்கும்தான் தலை சுத்துது" என்றார். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமை முதல் பேக்கிங்.

"அந்தப் பொண்ணு அப்புறம் கிடைச்சாளா மேடம்?"

"தெரியல" என்றார். "அவங்க அக்கா வருசம் ஒருதடவ போன் பண்றாங்க. எனக்குத்தான்."

இருபத்து மூன்றின் கடைசிப் பதிவு அந்த வாரம் தளத்தில் வெளியானது. எங்கள் தளத்தில் பின்னூட்டம் என்றால் ஜோக்கும் புலம்பலுமாக இருக்கும். அன்று அப்படி இல்லை. ஒன்பது எழுதினார்: 'என்கிட்டயும் ஒருத்தி இருக்கா. கேட்டதில்ல.' பதினான்கு: 'எனக்கு மூணு பேரு.' ஓசூர்க்காரி: 'எங்க மெஸ்ல தினம் என் பக்கத்துலதான் சாப்பிடறா.' ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. முகம் தெரியாத ஒவ்வொருவருக்கும் பின்னால் பேர் தெரியாத ஒருத்தி எழுந்து நின்ற மாதிரி இருந்தது. நானே கட்டிய பக்கத்தைப் பார்க்க எனக்கே கூசியது.

கடைசியாக வாணியம்பாடிக்காரர், பதினொன்று: 'நான் ஒருதடவ கேட்டேன். மறுநாள் அவ வரல. கேட்டா ஓடிடுவாங்க. தயவுசெஞ்சு யாரும் பேரக் கேக்காதீங்க.'

அதை நான் படித்தது திங்கள்கிழமை காலை. பேக்கிங் சூப்பர்வைசர் அப்போதுதான் போன் செய்திருந்தார். புது ஆள் வரவில்லை என்று.

செவ்வாயும் வரவில்லை. புதனும். நான் பேனாவோடு நின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைப் பிடித்துக் கொடுக்க வந்தவள் என்று நினைத்திருப்பாள். வேறென்ன நினைப்பாள்?

பத்து நாள் சொல்லாமல் நின்றால் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே லெட்டர் போட்டுவிடுகிறது. யாரும் எழுத வேண்டாம், யாராலும் நிறுத்தவும் முடியாது. கார்டில் இருக்கிற விலாசத்துக்குப் போகும். அவளுடைய அக்கா வீட்டுக்கு. அந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியுமோ? அந்த நாட்களில் நான் தூங்கியது கொஞ்சம். அவள் சொன்ன பேரை எங்கேயும் எழுதவில்லை. எழுதாததால் மறந்துவிடுவேனோ என்று ஒரு பயம். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேரைவிட அதிகமாக.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் கம்பெனி வேனில் ஏறினேன். ஆள் ஏற்றக் காலியாகப் போகிற வேன். டிரைவர், "இன்னாம்மா, ஆபீஸ் இந்தப் பக்கம் வந்துடுச்சா?" என்றார். அவள் ஏறுகிற இடத்தைக் காட்டச் சொன்னேன். டேனரிச் சுவரை ஒட்டிய சாலை முக்கு. நான்கைந்து கம்பெனி வேன்கள் அங்கேதான் ஆள் எடுக்கும்; வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தாலும் அவள் அங்கேதான் நிற்பாள். பனி இறங்கியிருந்தது. ஊறுகிற தோலின் வாடை பனியோடு சேர்ந்து கனமாக நின்றது. இருபது, இருபத்தைந்து பெண்கள், எல்லாரும் தலையில் முக்காடு போட்டு, கழுத்தில் கார்டு தொங்க, பேசாமல் நின்றார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை.

இறங்கிப் போய் நடுவில் நின்றேன். கார்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடவா? அது அவள் பேர் இல்லையே. வாய்க்குள் இத்தனை நாளாகச் சுற்றிக்கொண்டிருந்ததை மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னேன்.

ஒரு தலை மட்டும் திரும்பியது. திரும்பிய பிறகுதான் தான் திரும்பிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

"லெட்டர் போட்டுட்டியாக்கா?"

"இல்ல. நாளைக்குத்தான் பத்தாவது நாளு."

"பேர எழுதிட்டியா?"

"எழுதல."

"அப்ப எப்படி ஞாபகம் வெச்ச?"

"மறந்துடுமோன்னு பயந்துக்கினே இருந்தேன்."

அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. கழுத்தில் வேறு கம்பெனிக் கார்டு தொங்கியது. அதிலும் அதே அக்கா போட்டோ.

"அங்க இன்னா குடுத்திருக்காங்க?" என்றேன்.

"பேஸ்டிங்."

"இங்க பேக்கிங். மேடம் கையெழுத்து போட்டாச்சு. அதே டோக்கன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நீ?"

"நானும்."

பனிக்குள்ளிருந்து இன்னொரு வேன் வந்து எங்கள் வேனுக்குப் பக்கத்தில் நின்று ஹாரன் அடித்தது. பெண்கள் இரண்டாகப் பிரிந்து ஏறினார்கள். அவள் நடுவில் நின்றாள். அந்த வேனின் கிளீனர், "வர்றியா இல்லியாம்மா?" என்று கத்தினார். நான் எங்கள் வேனில் ஏறி உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது; இதற்கு மேல் பேசினால் மறுபடி பயப்படுவாள்.

எங்கள் வேனில் ஏறினாள். என் பக்கத்தில் இடம் இருந்தும் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வழி முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டில் இறங்கி வரிசையில் நின்று, கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பழைய கார்டை எடுத்துக் காட்டினாள். எந்திரம் அவள் அக்காவின் முகத்தைப் பெரிதாகக் காட்டிப் பச்சை விளக்குப் போட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் பேஸ்டிங் ஷெட் பக்கம் நான்கு எட்டு வைத்தாள், நின்றாள், பிறகு திரும்பி பேக்கிங் பக்கம் நடந்தாள்.